பீரோவுக்குள் பூட்டிய 'பாதுகாப்பு'

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டோரம் ஒரு அரசுப் பள்ளிக்கூடம். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு அங்கே படிக்கிற நம்ம புள்ளைங்க மேலதான் அடி விழும். போன வருசம் ஒரு கம்பெனி தன்னுடைய சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து அந்தப் பள்ளிக்கு 40 டேப் கொடுத்தது. பந்தல் போட்டார்கள், ரோஜா மாலை போட்டார்கள், கம்பெனிக்காரர் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். முன்வரிசையில் நின்றது யார் பிள்ளை, பின்வரிசையில் நின்றது யார் பிள்ளை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூணாவது மாசம் நடந்தது இது. ஒன்பதாவது படிக்கிற காலனிப் பொண்ணு ஒருத்தி சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிறாள். ஊர்ப் பையன் ஒருத்தன் பள்ளிக்கூடத்து டேப்பிலேயே அவளைப் படம் எடுக்கிறான். அதைத் தன் அப்பன் போனுக்கு அனுப்பி, அடியில் சாதிப் பேரை எழுதி, கூடவே இங்கே அச்சடிக்க முடியாத இன்னொரு சொல்லையும் சேர்த்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். குழுவில் இருப்பது பெத்தவங்க போன் எல்லாம். வாத்தியாரும் இருக்கிறார். பல்லைக் காட்டிச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. சாயங்காலம் வாத்தியார் அந்தப் படத்தை அழித்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பியது பையனின் அப்பனை அல்ல. பொண்ணோட அம்மாவை. ரோஜாத் தோட்டத்தில் பாலிஹவுஸ் கூலி வேலை அவங்களுக்கு. அன்னைக்குச் சம்பளத்தை விட்டுட்டு வந்து நின்னாங்க. "இனிமே பொண்ணுங்களுக்கு டேப் கிடையாதும்மா. அவங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்" என்றார். "எம் பொண்ணு என்னா சார் தப்பு பண்ணா?" என்று அந்த அம்மா கேட்டாங்க. பதில்: "அவன் சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான். பெரிசு பண்ணாதீங்க."

40 டேப்பும் பீரோவுக்குள் போனது. ரெண்டு வாரம் கழித்து 'விநாடி வினா போட்டி' என்று சொல்லிப் பத்து வெளியே வந்தது. வந்தது யார் கைக்கு? போட்டோவில் முன்வரிசையில் நின்றவர்கள் கைக்கு.

நான் அந்தக் காலனியில் சாயங்கால வகுப்பு எடுக்கிறவன். பகலில் சிப்காட்டில் ஷிப்டு. அந்தப் பொண்ணு என் வகுப்புக்கு வருகிறவள்தான். பிள்ளைகளின் 'டிஜிட்டல் பாதுகாப்பு' பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதுகிறார்கள். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே, தெரியாதவர்களோடு பேசாதே, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திரையைப் பார்க்காதே. நல்ல விசயம்தான். ஆனால் இந்தப் பட்டியலை எழுதியவன் வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, தனி போன் இருக்கிறது, ஆபத்து என்றால் அது வெளியிலிருந்து வரும் முகம் தெரியாத ஆளிடமிருந்து மட்டுமே வருகிறது. நம்ம பொண்ணைப் படம் எடுத்தவன் முகம் தெரியாதவன் இல்லை. அதே பெஞ்சுக்கு ரெண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். சிரித்தவர்கள் அவள் அம்மா தினமும் கூலிக்குப் போகிற தோட்டத்துக்காரர்கள். தெரிஞ்சவங்கதான் நமக்கு ஆபத்து. இது எந்தக் கையேட்டில் இருக்கிறது?

*

'பாதுகாப்பு' என்கிற சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கிணத்துல இறங்காதே, விழுந்துடுவே என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. தீட்டு என்றார்கள். சின்ன வயசில் அம்பேத்கர் பள்ளிக்கூடத்துக் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தாகம் தீரும். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்றைக்குக் குழாய் இருந்த இடத்தில் பீரோ சாவி இருக்கிறது. 'தீட்டு' இருந்த இடத்தில் 'பாதுகாப்பு' இருக்கிறது. பூட்டுகிற கை மட்டும் மாறவில்லை.

இதில் நம்ம ஆம்பளைங்களையும் விட்டுவிட முடியாது. அந்தப் பொண்ணோட மாமன் என்னிடமே வந்து, "அண்ணா, அவர் சொல்றதும் சரிதானே, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்" என்றான். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியை எரித்தவர்கள் ஜீன்ஸ் பேண்டையும் கூலிங் கிளாசையும் பற்றி மேடை போட்டுப் பேசினார்கள் என்று நாம் இன்னும் கொதிக்கிறோம். சாதியைக் காப்பாற்ற அவன் தன் வீட்டுப் பொண்ணு கையிலிருந்து போனைப் பிடுங்குகிறான். மானத்தைக் காப்பாற்ற நாம் நம்ம வீட்டுப் பொண்ணு கையிலிருந்து பிடுங்குகிறோம். பொண்ணு பக்கம் நின்று பார்த்தால் ரெண்டு கைக்கும் வித்தியாசம் தெரியாது.

அதுவும் எந்த மாவட்டத்தில்? குழந்தைத் திருமணத்துக்குப் பேர் போன மாவட்டத்தில். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில் 14 வயசுப் பெண்ணைக் கட்டாயமாகக் கல்யாணம் செய்துவைத்து, போகமாட்டேன் என்று கதறினவளை ஆண்கள் தூக்கிக்கொண்டு போன வீடியோவை நாடே பார்த்தது. யாரோ ஒருத்தர் போனில் எடுத்ததால்தான் அது வெளியே வந்தது, போலீஸ் வந்தது, கைது நடந்தது. அந்தப் போன் இல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் அவள் சத்தம் கேட்டிருக்காது. ஆனால் அதே வீடியோவை ஆயிரம் பேர் முகத்தை மறைக்காமல் சுற்றுக்கு விட்டார்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் சொல்கின்றன. நியாயம் கேட்டுப் பகிர்ந்த நம்ம தோழர்களும் அந்தக் குற்றத்தைத்தான் செய்தார்கள். போன் காப்பாற்றும், போன் காட்டியும் கொடுக்கும். பிடுங்கி வைத்துவிட்டால் முதலாவது மட்டும் போய்விடும். ரெண்டாவது அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் எடுக்கிறவன் கையில் போன் எப்போதும் இருக்கிறது.

*

அரசாங்கம் கொடுத்த கதைக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15இல் ஜெயலலிதா அரசு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. எல்காட் வாங்கிக் கொடுத்தது. முதல்வர் படத்தோடு வந்தது. 'ஓசி லேப்டாப்' என்று பட்டணத்து மத்தியதர வர்க்கம் நக்கல் அடித்தது. காசு கொடுத்து வாங்கத் தெரிந்தவனுக்கு அது நக்கல். நம்ம சேரியில் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது அப்போதுதான். திட்டம் நடந்த வருசங்களில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். அது வேண்டாம் என்று சொல்கிற எவனும் நமக்கு நண்பன் இல்லை. கொரோனா காலத்தோடு பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று வேறு அரசு மறுபடி அறிவித்தது. அதுவும் வரட்டும்.

கேள்வி இதுதான். பெட்டியோடு சார்ஜர் வந்தது, பை வந்தது. இதில் உனக்கு ஒரு கெடுதி நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்கிற ஒரு துண்டுச் சீட்டு வந்ததா? பெட்டியைத் தொலைத்தால், விற்றால் நடவடிக்கை என்று மட்டும் சொன்னார்கள். அரசுக்குப் பெட்டி பத்திரமாக இருக்க வேண்டும். பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்பது கணக்கில் வரவில்லை.

கொரோனா வந்தபோது எல்லாம் அம்பலமானது. 2020 ஜூன் 1. கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். வீட்டில் டிவி ரிப்பேர், ஸ்மார்ட் போன் இல்லை. பள்ளியில் முதல் வரிசையில் வருகிற பிள்ளை என்றார்கள். கருவி கொடுக்காததும் பாதுகாப்பின்மைதான். இதைச் சொல்லாமல் 'திரை நேரம்' பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவன் பத்தியச் சாப்பாடு பற்றிப் பேசுவது மாதிரி.

அடுத்த வருசம், 2021 மே. சென்னையின் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியர் துண்டோடு ஆன்லைன் வகுப்புக்கு வந்தார், மாணவிகளிடம் அத்துமீறினார் என்ற புகார்கள் வெடித்தன. அந்தப் பிள்ளைகள் துணிந்து பேசினார்கள், அதை மதிக்கிறேன். பத்திரிகைகள் எழுதின, கைது நடந்தது, ஜூன் மாசமே அரசு நெறிமுறை வெளியிட்டது. ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்ய வேண்டும், உடை ஒழுங்கு வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்றெல்லாம். நல்ல உத்தரவு. பெரிய இடத்துப் பிள்ளைகள் கத்தினால் ஒரு மாசத்தில் உத்தரவு வருகிறது. தளி ரோட்டில் ஒரு கூலிக்காரி பொண்ணு கத்தினால்? அந்தப் பள்ளியில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று நான் நேரில் போய்க் கேட்டேன். "இருக்குது, பேப்பர்ல இருக்குது" என்றார்கள். குழுவில் யார் யார் என்றேன். பைல் தேடணும் என்றார்கள்.

*

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நம்ம ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பெட்டிக்குள்ளேயே ஒரு கண் இருக்கிறது.

2010இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் லோயர் மெரியன் என்ற ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் மீது ஒரு மாணவன் குடும்பம் வழக்குப் போட்டது. பள்ளி தன் மாணவர்களுக்கு, சுமார் 2,300 பேருக்கு, மடிக்கணினி கொடுத்திருந்தது. திருடு போனால் கண்டுபிடிக்க என்று சொல்லி, தூரத்திலிருந்தே கேமராவை இயக்குகிற வசதியை உள்ளே வைத்திருந்தது. பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை, பெற்றவர்களுக்கும் சொல்லவில்லை. அந்தப் பையன் தன் படுக்கையறையில் எதையோ வாயில் போட்டபோது எடுத்த படத்தைக் காட்டி, போதை மாத்திரையா என்று பள்ளி விசாரித்தபோதுதான் குட்டு உடைந்தது. அவன் சாப்பிட்டது மிட்டாய். தோண்டிப் பார்த்தால் 50,000க்கும் மேற்பட்ட படங்கள். பிள்ளைகள் தூங்குகிற படம், வீட்டுக்குள் இருக்கிற படம். கடைசியில் பள்ளி நிர்வாகம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அது பணக்கார ஊர். வக்கீல் வைத்தார்கள், ஜெயித்தார்கள். அதே நாட்டில் பிறகு ஆய்வு செய்தவர்கள் கண்டது வேறு: பள்ளி கொடுத்த கருவியை மட்டுமே நம்பியிருக்கிற ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும்தான் கண்காணிப்புக்கு அதிகம் ஆளாகிறார்கள். சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனை எவனும் பார்ப்பதில்லை. பாதுகாப்புக்கு என்று போட்ட மென்பொருள் தண்டனை கொடுக்கத்தான் அதிகம் பயன்பட்டது. அங்கே நிறம், இங்கே சாதி. அரசாங்கப் பெட்டி யார் கையில் இருக்கும்? காசு இருக்கிறவன் வீட்டில் ஆப்பிள் போன் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெட்டியை மட்டுமே நம்பி இருப்பது நாம்தான். கண்ணும் நம்ம மேலதான் திரும்பும்.

நம்ம நாட்டு லட்சணம் என்ன? பாடப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறி அச்சடித்திருக்கும், போனைக் காட்டினால் பாடம் வரும். ஒன்றிய அரசின் தீக்‌ஷா செயலிக்கு அது வழி. 2022 மே மாசம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, பத்தில் ஒன்பது பங்கு பிள்ளைகளின் தகவலை அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கிறது அல்லது எடுக்கும் நிலையில் இருக்கிறது என்று சொன்னது. பிள்ளை நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் திறன் தீக்‌ஷாவுக்கு இருந்ததையும் சொன்னது. 2023 ஜனவரியில் இன்னொன்று தெரிந்தது. தீக்‌ஷாவின் சேமிப்பு ஒன்று பூட்டில்லாமல் ஒரு வருசத்துக்கு மேல் திறந்து கிடந்தது. அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரமும் சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரமும் இருந்தன.

இடம் தெரிந்தால் என்ன, பேர் தெரிந்தால் என்ன என்று கேட்பவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒருமுறை வரட்டும். 2018 நவம்பரில் சூடகொண்டபள்ளியைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞனும் அவன் மணந்த சாதி இந்துப் பெண்ணும் ஓசூரில் ஒளிந்து வாழ்ந்தார்கள். இருக்கும் இடம் தெரிந்தது. கை கால் கட்டிய பிணங்களாகக் கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் மிதந்தார்கள். ஒருத்தர் எங்கே நிற்கிறார் என்கிற தகவல் அமெரிக்கக் கம்பெனிக்கு விளம்பரச் சரக்கு. நமக்கு அது உயிர்.

சாதிக் கட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எமிஸ் என்கிற கல்வித் துறைக் கணினியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், அதற்குள் சாதி விவரம், அப்பன் போன் நம்பர், எல்லாம். சாதியைப் பதியாதே என்று சொல்ல நாம் 'சாதி எங்கே இருக்கு' என்று கேட்கிற கூட்டத்துப் பிள்ளைகள் இல்லை. உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அந்தக் கட்டம் வேண்டும். அது நம்ம உரிமைக் கட்டம். ஆனால் அதை யார் யார் திறந்து பார்க்கிறார்கள்? நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி கூடப் படிக்கிறவர்களே வீடு புகுந்து தலித் மாணவனையும் தங்கையையும் வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது, உதவித்தொகை விசயத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல் என்று அதில் இருக்கிறது. காகிதப் பதிவேட்டில் கூடாதது வாத்தியார் போனில் திறந்து கிடந்தால் பரவாயில்லையா? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'எஸ்.சி. மாணவர்கள் மட்டும் வங்கிப் புத்தக நகல் கொண்டு வரவும்' என்று பேர்ப் பட்டியலோடு செய்தி வருகிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்தப் பையன் சாதிப் பேரை எங்கே கற்றுக்கொண்டான் என்று தலைமையாசிரியர் ஆச்சரியப்பட்டார். குழுவில் மேலே தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதே அறிக்கை பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தத் தடை வேண்டும் என்றும் சொல்கிறது. சொந்தப் போனுக்குச் சரி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி என்றால் எனக்கு மறுப்பில்லை. பள்ளியே கொடுத்த கருவியை யார் தொடலாம் என்று சாதி பார்த்து, பொண்ணா பையனா பார்த்துத் தீர்மானிக்க அந்த வரியைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

*

எல்லைப்புறத்துக்காரன் பாடு தனி. இந்தப் பக்கம் பாதி வீட்டில் அப்பன் ஆத்தா பெங்களூரில் கட்டட வேலை, பிள்ளை ஆயாவோடு. இருக்கிற ஒரே போன் அப்பனோடு அத்திப்பள்ளி தாண்டிப் போய்விடும். ஓ.டி.பி. அவனுக்கு வரும், அவன் சாரத்து மேல நின்னுக்கினு அதைக் கத்திச் சொல்வான். 'உங்க புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணு' என்று பேசி வங்கிக் கணக்கைத் துடைக்கிற கும்பலைப் பற்றிப் போலீசே எச்சரித்திருக்கிறது. பிள்ளை பேர், வகுப்பு, பள்ளி எல்லாம் சரியாகச் சொல்லித்தான் பேசுகிறான். எங்கிருந்து கிடைத்தது? ஏமாந்தவன் புகார் கொடுக்கப் போனால் போன் நம்பர் கர்நாடகா, வங்கி தமிழ்நாடு, நீ அங்கே போ, நீ இங்கே போ. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்தே ஆக வேண்டும். எல்லை காட்டித் துரத்த முடியாது. இதை மனப்பாடம் பண்ணி வையுங்கள். பணம் போனால் உடனே 1930.

எச்சரிக்கை நோட்டீசு என்று ஒட்டுவார்கள், இங்கிலீஷில் பாதி, சுத்தத் தமிழில் பாதி. நம்ம தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு, பக்கத்துத் தெருவில் கன்னடம். 'இணையவழி அச்சுறுத்தல்' என்றால் ஆயாவுக்கு என்ன புரியும்? 'படத்தைக் காட்டி மிரட்டுறான்' என்று எழுதினால் புரியும். அதையே தெலுங்கில், கன்னடத்தில் வாயால் சொன்னால் இன்னும் புரியும்.

2023இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் தகவலைத் தொட பெற்றவர் சம்மதம் வேண்டும், பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. அந்த விதியிலேயே கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு: கல்வி வேலைக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் கண்காணிக்கலாம். மறுபடி பார்த்தீர்களா, அதே சொல். சம்மதம் என்கிற பொத்தானை நம்ம வீட்டில் அமுக்கப் போவது யார்? எழுதத் தெரியாத ஆயாவின் விரலைப் பிடித்து அந்தப் பிள்ளையேதான் அமுக்கும்.

பள்ளிக்கூடம் பாதுகாப்பான இடம், வெளி உலகம்தான் ஆபத்து என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள்? 2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குள்ளேயே போலி என்.சி.சி. முகாம் நடத்தி 13 வயசு மாணவியைச் சீரழித்தார்கள். வெளியே சொல்லாதே என்று மூடி மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரே கைதானார்கள். 2025 பிப்ரவரியில் போச்சம்பள்ளி பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் 13 வயசு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். ரெண்டிலும் ஆபத்து செல்போன் வழியாக வரவில்லை. கையில் பிரம்பும் விசிலும் வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. அந்த ராத்திரி அந்தக் குழந்தை கையில் 1098க்குப் பேச ஒரு போன் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2025 நவம்பரில் நாகமங்கலம் பக்கம் பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா. அங்கே தங்கியிருந்த பெண் ஒருத்தியே வைத்ததாகக் கைது. உலகத்துக்கே போன் உடம்பு செய்து அனுப்புகிற பெண்கள் அவர்கள். ராத்திரியே திரண்டு வந்து மறியலில் உட்கார்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் போன வருசம் வரைக்கும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு டேப்' என்று கேட்டவர்கள்! அவர்களை யாரும் 'பெரிசு பண்ணாதீங்க' என்று அடக்க முடியவில்லை. கும்பலாக இருந்தார்கள், அதனால்.

*

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. டேப்பை வெளியே எடு. பொண்ணுங்களுக்கும் கொடு, காலனிப் புள்ளைங்களுக்கு முதலில் கொடு, ஏனென்றால் அவர்களுக்கு வேறு கிடையாது. பீரோ சாவி ஒருத்தர் இடுப்பில் இருக்கக் கூடாது. எந்தப் பெட்டியை எந்தப் பிள்ளை எந்த நாள் எடுத்தது என்று ஒரு நோட்டு வை, அதை யாரும் பார்க்கலாம். பெட்டிக்குள் என்ன செயலி இருக்கிறது, கேமரா யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கம்பெனிக்காரன் எழுதிக் கொடுக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அதை உரக்கப் படிக்கட்டும். வகுப்புக் குழுவில் சாதிப் பேர் வந்தால் அழிப்பதற்கு முன் அதைப் பத்திரப்படுத்து. அது சாட்சியம், வாத்தியார் அழித்தது குப்பை அல்ல. இணையத்தில் போடுவதும் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதுதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்பு என்று நான் கேட்கவில்லை. அவனும் பிள்ளைதான், அவன் பேசியது அவன் வீட்டுப் பேச்சு. அவன் அப்பனைக் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவங்க முன்னால் பேசு. அவ்வளவுதான். அந்த நாற்காலிதான் அவர்களுக்குக் கஷ்டம்.

எங்கள் சாயங்கால வகுப்பில் பழைய மடிக்கணினி ரெண்டு இருக்கிறது, முன்னால் படித்த பிள்ளைகள் விட்டுப் போனது. அதில் சொல்லித் தருகிறோம். செயலி இடத்தைக் கேட்டால் எங்கே 'வேண்டாம்' சொல்வது, மிரட்டல் வந்தால் பதில் எழுதாமல் திரையை எப்படிப் படம் பிடித்து வைப்பது, 14417க்குக் கூப்பிட்டால் என்ன சொல்வது. தேதி, நேரம், பேர் எழுதி வைக்கப் பழக்குகிறோம். படம் எடுக்கப்பட்ட அந்தப் பொண்ணு ஒரு மாசம் வரவில்லை. பிறகு வந்தாள். வந்த அன்றைக்கு ரெண்டு மடிக்கணினியின் கேமரா மேலேயும் தன் நெத்தியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டையும் அட்டையிலிருந்த இன்னொன்றையும் எடுத்து ஒட்டினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னப் பசங்க சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

பள்ளிக்கும் மேல் அலுவலகத்துக்கும் மனு கொடுத்து ரெண்டு மாசம் ஆகிறது. ரசீது கையில் இருக்கிறது. மனுவில் முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது, கைநாட்டு இல்லை, தெலுங்கு எழுத்தில் தன் பேரை எழுதியிருக்கிறாங்க. வருகிற திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் பள்ளிக்கூடத்து வாசலில் உட்காருகிறோம். தோட்ட வேலைக்கு லீவு சொல்லிட்டாங்க. 23 பேர் இதுவரைக்கும் பேர் கொடுத்திருக்கிறாங்க, அதில் 19 பேர் பொம்பளைங்க. பீரோ சாவியைக் கேட்கப் போகிறோம்.